‘தம்பி பொறந்ததுலேர்ந்து இதுக்குப் பொறாமை’: ஒரு வீட்டுப் பூனை பற்றிய நிகழ்வு ஆய்வு

டிங்கு ஐந்து வயதுக் கடுவன். கருத்தடை அறுவை ஆனது. தாய் நாட்டுப் பூனை, தகப்பன் ஏதோ ஒரு பெர்சியன். முகம் தாயைப் போல, வால் மட்டும் பஞ்சு. எடை 6.1 கிலோ, அந்த உடம்புக்கு ஒரு கிலோவாவது அதிகம். வீடு சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட், இரண்டாவது மாடி. வீட்டில் கணவன், மனைவி, எல்.கே.ஜி. போகும் மகள், நாலு மாதக் கைக்குழந்தை, பிரசவத்துக்குத் துணையாகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சி. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புகார் இரண்டு. குழந்தையின் மெத்தை, துணிக்கூடை, கடைசியாகத் தூளி என்று கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. முந்தைய வாரம் மகளின் கையைக் கடித்துவிட்டது. கூண்டை மேஜைமேல் வைத்ததும் அம்மா சொன்ன முதல் வாக்கியம்தான் மேலே இருக்கும் தலைப்பு. ஆச்சி அதோடு நிற்கவில்லை. “மீன் மார்க்கெட்டுப் பக்கம் விட்டா அது பாட்டுக்குப் பொழச்சிக்கிடும்லா டாக்டரய்யா? பச்சப் புள்ள இருக்க வீட்டுல இது எதுக்கு?”

‘பொறாமை’ என்ற சொல் என் மேஜைக்கு அடிக்கடி வரும். பூனைக்குப் பொறாமை உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. அந்தச் சொல்லை ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை, எனக்கு அதுதான் சிக்கல். காரணம் தெரிந்துவிட்டது, குற்றவாளியும் கூண்டுக்குள் இருக்கிறான். மிச்சம் தீர்ப்பு மட்டும்தான். அதனால் நான் தேதி கேட்க ஆரம்பித்துவிடுவேன்.

தேதிகள்

குழந்தை பிறந்தது ஏப்ரலில். முதல் தடவை லிட்டர் பாக்ஸுக்கு (பூனை கழிப்பதற்கான மணல் பெட்டி) வெளியே போனது எப்போது என்று கேட்டதற்கு, “பொறந்ததுக்கு அப்புறம்தான்” என்றார் அம்மா. நிச்சயமாகவா என்றதும் கொஞ்சம் யோசித்து, கைப்பேசியை எடுத்தார். வாட்ஸாப்பில் கணவருக்கு அவர் அனுப்பிய ஒரு படம்: சோபா மெத்தையில் ஈர வட்டம், கீழே ‘உங்க செல்லப் புள்ள பண்ண வேலையப் பாருங்க’ என்று ஒரு வரி. தேதி பிப்ரவரி கடைசி. குழந்தை பிறப்பதற்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்பு.

இன்னும் பிறக்காத தம்பிமேல் பூனை எப்படிப் பொறாமைப்பட்டிருக்கும்? அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதற்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது என்று பின்னோக்கிப் போனோம். கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் சொந்தக்காரர் ஒருவர், ‘பூனை மலம் பட்டால் கரு கலைந்துவிடும்’ என்று பயமுறுத்தியிருக்கிறார். அன்றைக்கே பொதுக் குளியலறையில் இருந்த லிட்டர் பாக்ஸ் பால்கனிக்குப் போய்விட்டது, வாஷிங் மெஷின் பக்கத்தில். சாப்பாட்டுத் தட்டும் கூடவே போனது. எட்டாம் மாதம் படுக்கையறைக் கதவு பூனைக்கு மூடப்பட்டது.

அந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலம் வழியே பரவக்கூடியது. கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆனால் பூனை அதன் முட்டைகளைப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, முதல் தொற்றுக்குப் பிறகு ஓரிரு வாரங்கள்தான் வெளியேற்றும். வெளியே வந்த முட்டை தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே கர்ப்பிணி அல்லாத ஒருவர் தினமும் அள்ளிப் போட்டாலே அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். வெளியே போகாமல் பாக்கெட் தீவனம் தின்னும் பூனையைவிட, சரியாக வேகாத இறைச்சியும் மண் ஒட்டிய கீரையும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை. இதை யாராவது அன்றைக்கே அந்த அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் லிட்டர் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

கடித்த அன்று

கடியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கடித்த நொடியைத்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய பத்து நிமிடம் வேண்டும். ஆச்சிதான் நன்றாக நினைவு வைத்திருந்தார். சாயங்காலம் பால்கனிக் கண்ணாடிக் கதவுப் பக்கம் டிங்கு உட்கார்ந்திருந்தது. வெளியே சன்ஷேடு வழியாக வரும் ஒரு செம்பட்டைக் கடுவன், தெருப்பூனை, கைப்பிடிச் சுவரில் வந்து நின்றது. டிங்கு முதுகு மயிர் சிலிர்த்து, தொண்டையிலிருந்து ஒரு நீளமான ஓலம் போட்டது. ஆச்சி துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைத் தட்டி வெளிப்பூனையை விரட்டினார். டிங்கு அப்படியே உட்கார்ந்திருந்தது, வால் நுனி மட்டும் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் மகள் பாப்பா பின்னாலிருந்து ஓடிவந்து, வயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் கட்டித் தூக்கினாள்.

எதிரியின் மேல் பாய முடியாத பூனை பக்கத்தில் கிடைப்பவர்மேல் பாயும். இது நடத்தை மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அந்தப் படபடப்பு அடங்கப் பல மணி நேரம் ஆகலாம். வெளிப்பூனை போய்விட்டது என்பதால் உள்ளே இருப்பது அமைதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வழக்கில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. தூக்கியது அடிவயிற்றைப் பிடித்து. அந்த வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடி ஆழமாகவே இருந்தது: ஆள்காட்டி விரலின் அடி மூட்டுப் பக்கம் இரண்டு ஊசித்துளைகள். பூனைப்பல் மெல்லியது, ஊசி போல உள்ளே போகும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, கிருமி உள்ளே தங்கிவிடும். அதனால் பூனைக்கடி, அதுவும் கையில், சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய காயம். வீட்டில் குழாயில் ஒருமுறை கழுவிவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். செய்திருக்க வேண்டியது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

அப்புறம் ரேபிஸ். நாய் கடித்தால் ஓடும் குடும்பங்கள்கூட ‘வீட்டுப் பூனைதானே’ என்று இருந்துவிடுகின்றன. தோலைத் துளைத்த கடி உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் மூன்றாம் வகை, ஆகக் கடுமையானது. நாயா பூனையா என்ற பேதம் அதில் இல்லை. தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் புரதம்) போட வேண்டும். டிங்குவின் ரேபிஸ் தடுப்பூசி கர்ப்ப காலக் களேபரத்தில் தவறிப்போயிருந்தது. நல்லவேளையாக மறுநாளே அப்பா மகளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தோலுக்குள் போடும் ஊசி, முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். அங்கே அது இலவசம். கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணிப்பது தடுப்பூசிக்கு மாற்று கிடையாது. ஊசியை உடனே தொடங்கிவிட்டு, கூடவே பூனையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டிங்கு அந்தப் பத்து நாளும் சோற்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஆரோக்கியமாகவே இருந்தது.

பரிசோதனை

முதல் நாள் கைவைக்க விடவில்லை. வற்புறுத்திப் பிடித்தால் அடுத்த முறை கூண்டுக்குள்ளேயே ஏறாது. பதற்றத்தைத் தணிக்கும் கபாபென்டின் கேப்ஸ்யூல் கொடுத்து, முந்தைய இரவும் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் குழம்பில் போடாத வெறும் மீனில் கலந்து வைக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த தடவை வந்தபோது அரைத்தூக்கத்தில் இருந்தது.

அடிவயிற்றைத் தடவிப் பார்த்தபோது சிறுநீர்ப்பை எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கி, கெட்டியாகக் கைக்குப் பட்டது. மருந்து மயக்கத்திலும் அந்த இடத்தைத் தொட்டதும் உடம்பு விறைத்தது. ஸ்கேனில் பையின் சுவர் தடித்திருந்தது, கல் இல்லை. ஊசி வழியே எடுத்த சிறுநீரில் சிவப்பணுக்கள் நிறைய; பாக்டீரியா இல்லை; கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. அம்மாவிடம் கேட்டதில், ‘ஒரே நாள்ல நாலஞ்சு எடத்துல, கொஞ்சம் கொஞ்சமா’ கழித்திருக்கிறது. குழந்தையைப் பழிவாங்க வந்த பூனை இப்படிச் சொட்டுச் சொட்டாகக் கழிக்காது. எரிச்சல் தாங்காமல் அடிக்கடி போகும் பூனைதான் கழிக்கும். மெத்தையும் துணியும் மென்மை, கால் கூசாது.

இதற்கு ‘காரணம் அறியாத சிறுநீர்ப்பை அழற்சி’ என்று பெயர். கல், தொற்று, கட்டி என்று மற்றவற்றை ஒதுக்கியபின் மிஞ்சும் நோயறிதல் இது. இளவயது, நடுவயதுப் பூனைகளில் இந்தத் தொந்தரவோடு வருபவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பாக்டீரியா தொற்று அந்த வயதில் அரிது. ஆனாலும் இந்த ஊரில் முதலில் எழுதப்படுவது ஆன்டிபயாட்டிக்தான். அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்கிவிடும், அதனால் மருந்து கேட்டது போலத் தோன்றும். அடுத்த மாதம் மறுபடி வரும்.

பதற்றம் இதில் எப்படி வருகிறது என்பதை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் குழுவினர் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். 2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்த மாதிரி வீடுகளுக்கு நான் எப்போதும் சொல்வேன். பழகிய ஆளும், நேரமும், வழக்கமும் மாறிய வாரங்களில் நோயுள்ள பூனைகள் மட்டுமல்ல, ஒரு குறையும் இல்லாத பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பிடாமல் கிடந்தன, லிட்டர் பாக்ஸுக்கு வெளியே கழித்தன. கைக்குழந்தை வந்த வீட்டில் மாறாத வழக்கம் எது?

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆண் பூனை லிட்டர் பாக்ஸில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீரே வரவில்லை என்றால் அது அடைப்பு. ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு.

டிங்குவுக்குச் சில நாட்கள் வலி மருந்து கொடுத்தோம். உலர் தீவனத்தைக் குறைத்துத் தண்ணீர் சேர்ந்த உணவு. அவ்வளவுதான் மருந்துக் கடைப் பக்கம்.

வீட்டில் பார்த்தது

வாசலில் நுழைந்ததுமே பினாயில் வாசனை. பூனை கழித்த இடத்தையெல்லாம் ஆச்சி பினாயில் போட்டுக் கழுவியிருந்தார், லிட்டர் பாக்ஸையும் சேர்த்து. சுத்தம் என்பதில் எந்தக் குறையும் சொல்ல முடியாத வீடு. ஆனால் பூனைக்கு அந்த வாசனை, ‘இங்கே வராதே’ என்று கதவில் எழுதி ஒட்டியது போலத்தான். போதாததற்கு, கறுப்பு பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் மற்ற பிராணிகளைப் போல முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டி, நக்கி, உள்ளே போனால் விஷம்.

அதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது குழந்தையின் மெத்தையைச் சுற்றி வைத்திருந்த அந்துருண்டைகள். பூனை வராமல் இருக்க யாரோ சொன்ன யோசனை. நாஃப்தலின் உருண்டை பூனைக்கு விஷம் என்பது ஒருபக்கம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். குழந்தைத் துணி இருக்கும் பீரோவில்கூட அது இருக்கக் கூடாது. அங்கேயே எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கச் சொன்னேன். நான் மாட்டு டாக்டர்தான், குழந்தை டாக்டர் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா வர முடியாது.

பால்கனியில் லிட்டர் பாக்ஸ் இருந்த இடத்துக்கு நேர் எதிரே செம்பட்டைக் கடுவன் வந்து நிற்கும் சுவர். பக்கத்தில் வாஷிங் மெஷின். கைக்குழந்தை துணிக்கு அது ஒருநாளைக்கு இரண்டு முறை ஓடுகிறது. குந்தி உட்கார்ந்திருக்கும்போது ஒருபக்கம் எதிரி, மறுபக்கம் திடீரென்று உறுமும் இயந்திரம். யாராக இருந்தாலும் வேறு கழிப்பிடம்தான் தேடுவார்கள்.

அப்புறம் தூளி. கொக்கியிலிருந்து தொங்கிய அந்தப் பருத்திச் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். சாயம் போய், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. பழைய சேலையா என்று கேட்டேன். அம்மா ஆமாம் என்றார், பிறகு நினைவு வந்தவராகச் சிரித்துவிட்டார். பீரோ மேல் தட்டில் டிங்குவுக்காக நாலு வருடம் விரித்து வைத்திருந்த சேலை அது. படுக்கையறை மூடப்பட்டபோது அந்தத் தட்டும் போனது, சேலை மட்டும் தூளியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதில் ஏறிப் படுத்ததை வீட்டில் எல்லோரும் குழந்தையின் இடத்தைப் பிடிக்க வந்ததாகப் பார்த்திருக்கிறார்கள்.

காலையில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுகிறார்கள். டிங்கு அந்த நேரம் சமையலறை மேடைக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி ஆச்சியோடு மல்லுக்கு நிற்க எனக்குத் துணிவில்லை. அவசியமும் இல்லை. புகை போடும் நேரத்தில் பூனைக்குப் போக்கிடம் இருந்தால் போதும்.

செய்ததும் விட்டதும்

அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது. பூனைக்கு ஒளிய இடம், தனித்தனியாக வைத்த தட்டுகளும் தண்ணீரும், வேட்டை விளையாட்டு, முன்கூட்டித் தெரிந்த மாதிரியான மனிதப் பழக்கம், மூக்குக்கு மரியாதை. இவை ஐந்தும் வேண்டும் என்கிறது. நல்ல வழிகாட்டி, எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை அப்படியே அச்செடுத்து, இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுக்கும் பெண்ணின் கையில் கொடுப்பது கொடுமை. படிப்பார், குற்ற உணர்ச்சி கொள்வார், எதையும் செய்ய முடியாது, கடைசியில் பூனையை யாருக்காவது கொடுத்துவிடுவார். அதனால் நான் கேட்டது, ஒரு நாளில் டிங்குவுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்றுதான். “பத்து. அதுவும் அம்மா தம்பிய வச்சிருந்தா.”

அவர் பேறுகால விடுப்பு 26 வாரமும் முடியப் போகிறது, செப்டம்பர் கடைசியில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு அந்தப் பத்தும் இருக்காது. ஆகவே திட்டத்தை ஒரு கணக்கில் போட்டோம்: தினம் செய்ய வேண்டிய வேலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒரே முறை செய்து முடிக்கும் வேலையாக மாற்றுவது. ஒருமுறை வேலை எல்லாம் அப்பாவுக்கு, ஒரு வார இறுதியில்.

அவர் செய்தவை: ஹால் பரணில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்களில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாக்கு விரித்து, ஏறிப் போக ஷூ ரேக்கிலிருந்து மூன்று மரத்தட்டுகளைச் சுவரில் அறைந்தார். சென்னை ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் பரண் இருக்கிறது; கடையில் விற்கும் பூனை மரத்தைவிட உயரம், செலவும் இல்லை. பால்கனிக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பனிபோல மங்கலாகத் தெரியும் ஸ்டிக்கர் ஒட்டினார், வெளிக்கடுவன் கண்ணில் படாது. சன்ஷேடில் சோறு வைத்துக்கொண்டிருந்த மேல்மாடி அம்மாவிடம் பேசி அதைக் கீழே மாற்றியதும் அவர்தான். படுக்கையறைக்குக் கொசுவலைக் கதவு போட்டார். வலை வழியாகக் குழந்தையின் வாசனையும் அழுகையும் பூனைக்குப் போகும், பூனை மட்டும் உள்ளே போகாது. மூடிய மரக்கதவைவிட இது எவ்வளவோ மேல். மரக்கதவுக்குப் பின்னால் இருப்பது என்றைக்கும் அந்நியம்தான்.

லிட்டர் பாக்ஸ் பழையபடி பொதுக் குளியலறைக்கு வந்தது, ஹால் மூலையில் இரண்டாவது ஒன்று. கடையில் விற்பது சின்னது என்பதால் மூடியில்லாத பெரிய பிளாஸ்டிக் டப்பா. வாசனை போட்ட மணல் வேண்டாம். பினாயிலுக்குப் பதில் வெறும் சோப்புத் தண்ணீர். தினம் இரவு அப்பா அள்ளிவிடுவார். தூளிக்குப் புதுச் சேலை. பழையது பரணுக்குப் போனது. குழந்தை இல்லாத நேரம் தூளியைச் சுருட்டிக் கொக்கியிலேயே முடிந்து வைப்பது ஆச்சியின் பொறுப்பு.

பாப்பாவின் பங்கு எனக்குப் பிடித்தது. நாலு வயதுக் குழந்தையிடம் காது மடங்கினால், முதுகுத் தோல் துடித்தால், வால் அடித்தால் தொடாதே என்று பாடம் நடத்திப் பயனில்லை. பெரியவர்களே அதைக் கவனிப்பதில்லை. ஒரே ஒரு விதி: ‘டிங்குவத் தேடிப் போகக் கூடாது, கூப்பிடலாம்.’ தரையில் உட்கார்ந்து கூப்பிட வேண்டும். வந்தால் கன்னத்தில் மூன்று தடவு, அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும். வராவிட்டால் அது அதன் இஷ்டம். கூடவே ஒரு வேலை. சாயங்காலம் ஆச்சி பக்கத்தில் இருக்க, ஒரு கைப்பிடி உலர் தீவனத்தை ஒவ்வொன்றாக ஹாலின் மறுகோடிக்கு உருட்டிவிடுவாள். டிங்கு துரத்திப் பிடித்துத் தின்னும். அந்தப் பூனைக்கு வேட்டையும் ஆயிற்று, பாப்பா என்றால் சாப்பாடு வரும் திசை என்றும் ஆயிற்று. எதிரே ஓடிவரும் ஆள், தூரத்தில் உட்கார்ந்து எறியும் ஆளாக மாறினாள்.

பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அடுத்த சில வாரங்களுக்குள் எத்தனையோ விதமான மனிதரைப் பார்த்துப் பழகிய குட்டிகள் குழந்தைகளை எளிதாக ஏற்கும். ஏறக்குறைய ஏழாம் வாரத்தோடு அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. டிங்கு குட்டியாக இருந்தது குழந்தையில்லாத வீட்டில். ஐந்து வயதில் அதைக் குழந்தைப் பிரியனாக மாற்றுவது என் இலக்கில் இல்லை. ஒரே கூரைக்குள் அடிதடி இல்லாமல் இருந்தால் போதும் என்பதை ஆரம்பத்திலேயே அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட்டேன்.

விட்டவையும் உண்டு. தண்ணீர் பீய்ச்சுவது, துடைப்பத்தால் தரையைத் தட்டுவது, மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பது எல்லாம் நிறுத்தம். பயந்த பூனைக்கு இன்னும் பயம் சேர்ப்பதைத் தவிர அவற்றால் எந்த வேலையும் நடக்காது. பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரையைப் பற்றியும் யோசித்தேன். தினம் ஒரு பூனைக்கு மாத்திரை விழுங்க வைப்பதும், பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் காத்திருப்பதும் அந்த வீட்டில் நடக்காத காரியம் என்று தள்ளி வைத்தேன். நகத்தைப் பிடுங்கிவிடலாமா என்று அப்பா கேட்டார். அது நகம் எடுப்பதில்லை, ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பை வெட்டுவது. கடிக்கும் பூனைக்கு நகம் போனால் மிச்சம் பல்தான். நுனியை மட்டும் வெட்டக் கற்றுக்கொடுத்தேன்.

வேறு வீட்டுக்குக் கொடுப்பதை நான் ஒதுக்கவில்லை. கைக்குழந்தையைக் கடித்தாலோ, காரணமே கண்டுபிடிக்க முடியாமல் யாரையாவது தாக்கினாலோ நானே குழந்தையில்லாத வீடு பார்த்துத் தருகிறேன் என்றேன். அது தோல்வியும் அல்ல. ஆனால் ஆச்சி சொன்ன மீன் மார்க்கெட் வேறு விஷயம். ஐந்து வருடம் தட்டில் தின்ற பூனைக்கு அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்துவைத்திருக்கும் கடுவன்களிடம் பிழைக்கத் தெரியாது. பட்டினி கிடக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். சட்டத்தைச் சொன்னபோது ஆச்சி அசரவில்லை. அதற்கு வயிற்றுவலி இருந்தது, அந்த இடத்தைப் பிடித்துத்தான் பாப்பா தூக்கினாள் என்று சொன்னபோதுதான், “சொல்லத் தெரியாத சீவன்” என்று முணுமுணுத்தார். மறுநாளிலிருந்து டிங்குவுக்கு மீன் வேகவைத்துத் தண்ணீரோடு ஊற்றியது அவர்தான், உப்பில்லாமல்.

பிறகு

வலி அடங்கிய வாரத்திலேயே வெளியே கழிப்பது பெரும்பாலும் நின்றது. பரண் ஏற மட்டும் டிங்குவுக்கு மனம் வரவில்லை. பழைய சேலை மேலே போனதும் ஏறிவிட்டது. பகல் முழுக்க அங்கேதான். பிள்ளைகள் தூங்கியபின் இறங்கி வந்து அம்மாவின் காலடியில் படுத்துக்கொள்ளும். பாப்பாவைப் பார்த்து ஓரிரு முறை சீறியிருக்கிறது, கடிக்கவில்லை. ஒருமுறை அவள் விதியை மறந்து பரண் படியில் கையை நீட்டியபோதும் சீறிவிட்டு இன்னும் மேலே போய்விட்டது. மேலே போக வழி இருந்தால் கடிக்க வேண்டிய தேவை குறைந்துவிடும்.

தீபாவளிக்கு மறுபடி வந்தது. நாலு நாள் வெடிச்சத்தம், ஊரிலிருந்து வந்த உறவினர் கூட்டம், வேலைக்குத் திரும்பிய அம்மா என்று எல்லாம் ஒரே நேரத்தில். இந்த முறை சிறுநீர் மெத்தைக்கு வருவதற்கு முன்னாலேயே, லிட்டர் பாக்ஸுக்கு அடிக்கடி போவதை அப்பா கவனித்துவிட்டார். சிறுநீர் கட்டியாக உறைந்த மணலை இரவு அள்ளும்போது, வழக்கமான இரண்டு மூன்று பெரிய கட்டிகளுக்குப் பதில் சுண்டைக்காய்க் கட்டிகளாக எண்ணிக்கை கூடியிருந்தது. தினமும் அள்ளுபவருக்கு மட்டுமே தெரியும் தடயம் இது. வலி மருந்தை அன்றே தொடங்கினோம், ஒரு வாரத்தில் சரியானது. அடுத்த வருடம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கபாபென்டின் கொடுத்து, பட்டாசு முடியும்வரை உள் குளியலறையில் தனியாக வைக்கத் திட்டம்.

ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்று, இனி வருடாவருடம். எடை 5.7க்கு வந்திருக்கிறது, இன்னும் போக வேண்டும். ஆச்சி ஊருக்குத் திரும்பிவிட்டார். மீன் வேகவைக்க ஆள் இல்லை, பவுச் உணவுதான்.

தம்பி தவழ ஆரம்பித்திருக்கிறான். தரையில் இருந்த தீவனத் தட்டு அவன் வாய்க்குப் போகும் முன் இரண்டாம் மரத்தட்டுக்கு ஏற்றப்பட்டது. லிட்டர் பாக்ஸ் இருக்கும் குளியலறைக்கு, பூனை நுழையும் அளவு மட்டும் திறக்கும்படி கதவில் ஒரு சங்கிலி. அவன் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால் முதல் மரத்தட்டு கைக்கு எட்டிவிடும். அதைக் கழற்றி இன்னும் ஒரு முழம் மேலே அறைய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா ட்ரில் மெஷின் இரவல் கேட்டிருக்கிறாராம்.